பதினேழாம் எண் கீரை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும், சம்பந்தியம்மாவுக்கும், முக்கியமாக எங்கள் மருமகளுக்கும் உங்கள் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது.

வாராவாரம் நம் பஸ் ஓட்டுநர் கையில் நான் கொடுத்தனுப்பும் ஈரத்துணிப் பை இந்தத் தடவை இளைத்துப்போய் வந்திருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். கீரைக்குப் பதிலாக அதற்குள் இந்தக் கடிதம் இருக்கிறது. படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். நான் அனுப்பிய கீரை அடுப்பில் இருந்தால் இறக்கிவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். மருமகள் தட்டில் இருந்தால் தட்டையே வாங்கிவிடுங்கள். தாங்கள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காகிதத்தில் நாலு வரி கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும் என்று தெரியும். என் பிழைகளை அப்புறம் சுழித்துக்கொள்ளலாம். முதலில் அடுப்பு.

இறக்கியாயிற்றா? நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் ரத்தத்தையும் என் மனைவியின் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், முடிவு வரும்வரை அந்த வார்த்தையை எழுதக்கூடாது என்று என் மகள் சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லமாட்டாள். சின்ன வயதில் "எவ்வளவு பசிக்குது?" என்று கேட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். நாங்கள் எல்லோரும் அதை மந்தம் என்று நினைத்தோம். அது விஞ்ஞானம் என்று இப்போதுதான் புரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியும், நான் பஸ் டிப்போவில் பேட்டரிப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவன். ஓய்வு பெற்ற அன்று "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க, வாங்கித் தர்றோம்" என்று பையன்கள் கேட்டார்கள். மற்றவர்களெல்லாம் சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். டிப்போவை விட்டுப் போகிறவனுக்கு மணி எதற்கு? நான் கழித்துப்போட்ட பேட்டரிப் பெட்டிகளைக் கேட்டேன். பஸ் பேட்டரியின் பெட்டி என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. கன்னங்கரேலென்று கெட்டி ரப்பர், சுத்தியலால் அடித்தாலும் கீறல் விழாது, வெயிலுக்கு வெடிக்காது, மழைக்கு ஊறாது, மண்தொட்டியெல்லாம் அதன் முன்னால் அப்பளம். உள்ளே இருந்த ஈயத் தகடுகளை என் கையாலேயே எடுத்துவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். மாடியில் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தேன். மண்ணைப் போட்டேன், விதையைத் தூவினேன். கீரை வந்தது பாருங்கள், அந்தப் பச்சையை நான் எந்தப் பச்சைக்கு ஒப்பிடுவது! இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டே, "சார், ஒரு கைப்பிடி கொடுங்களேன், பிள்ளைங்க சாப்பிடும்" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. "இது சம்பந்தி வீட்டுக்குன்னு போட்டது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன். அப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறார்.

ஆமாம், உங்கள் வீட்டுக்கென்று போட்டதுதான். மருமகள் உண்டான செய்தி வந்ததும், டாக்டர் "ரத்தம் கம்மியா இருக்கு, கீரை நிறையச் சாப்பிடுங்க" என்று சொன்னதும், அவள் ஓய்வுக்காக உங்கள் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததா, எனக்கு இது யாரோ என்னைப் பார்த்துச் சொன்ன உத்தரவு மாதிரி இருந்தது. என் பேரப்பிள்ளைக்கு நான் ரத்தம் ஊட்டி வளர்க்கிறேன் என்ற பெருமையில் விடியும் முன் மாடி ஏறிப் பறித்து, துணியை நனைத்து, சுற்றி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். சம்பந்தியம்மாவும் ஒவ்வொரு தடவையும் போனில், "அண்ணா, உங்க கீரை நாக்குலயே நிக்குதுண்ணா" என்பார்கள். நீங்கள் பின்னாலிருந்து "பிரமாதம்!" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள். தலைமையாசிரியர் வாயால் பிரமாதம் என்று கேட்க நான் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? அது அறுபது வயதுக்குமேல் கீரையில் கிடைத்தது.

இப்போது மகள் கதை. அவள் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், என்ன வேலை என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. எங்கள் சந்தையில் விற்கும் காய்கறிகளில் ஈயம், காட்மியம் மாதிரி கன உலோகங்கள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீர் ஒரு வாய்க்காலில் கலக்கிறது, அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் கீரையும் முள்ளங்கியும் விளைந்து சந்தைக்கு வருகிறது. அவள் நம்மைப்போலவே பை எடுத்துக்கொண்டு போய்ப் பேரம் பேசி வாங்குவாள். நம்மைப்போலவே குழாயடியில் கழுவுவாள். பிறகு நம்மைப்போல இல்லை. அடுப்பில் வைத்துச் சருகாக உலர்த்தி, பொடித்து, ஆசிட்டில் போட்டு, கீரை இருந்த இடமே தெரியாமல் தண்ணீர்மாதிரி ஆகும்வரை கரைத்து, ஒரு மிஷினில் கொடுத்தால் அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடுமாம். ஆசிட் என்று கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் முப்பது வருஷம் ஆசிட்டோடு குடித்தனம் நடத்தினேன், என் மகளும் ஆசிட்டைத்தான் பிடித்திருக்கிறாள். ரத்தத்தில் இருக்கிறது என்றேன் மனைவியிடம். ரத்தத்தில் வேறென்ன இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சந்தைக் கீரையை ஒப்பிட்டுப் பார்க்க, வாய்க்கால் தண்ணீர் படாத சுத்தமான வீட்டுக் கீரை ஒன்று வேண்டும் என்று அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, நான் பாதிச் சாப்பாட்டில் மாடி ஏறிவிட்டேன். "அப்பா, நான் வேற எங்கயாவது வாங்கிக்கறேன்பா" என்றாள். "வேற எங்கயாவதா? வீட்ல தங்கத்த வெச்சுக்கிட்டு வெளியில தேடுவியா?" என்று ஒரு கட்டைப் பறித்துக் கொடுத்தேன். அங்கே ஒரு முறை இருக்கிறது, சம்பந்தி. மாதிரிகளுக்கெல்லாம் எண் போட்டுவிடுவார்களாம். எது யாருடையது என்று சோதிக்கிறவளுக்கே தெரியாது. வேண்டியவன் வேண்டாதவன் பார்க்க வழியில்லை. எங்கள் கீரைக்குக் கிடைத்தது பதினேழாம் எண் என்பது முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் அவளுக்குத் தெரியாமல் ஒரு தகரத்தில், டிப்போவில் மிச்சமான மஞ்சள் பெயிண்டால், 'பரிசோதனையில் தேறிய கீரை' என்று ஒரு போர்டு எழுதி மாடிப்படியில் மாட்டியும்விட்டேன். அதோடு நின்றேனா? சந்தையில் கீரைக்காரம்மா கடை முன்னால் தினமும் நின்று, வாங்க வருகிறவர்களிடம், "இதெல்லாம் சாக்கடைத் தண்ணிங்க, பேசாம வீட்ல நாலு விதையத் தூவுங்க" என்று இலவசமாக வகுப்பெடுத்தேன். அந்த அம்மா, "சார், நீங்க வாங்கவும் மாட்டீங்க, வாங்க வர்றவங்களையும் விடமாட்டீங்க. நிழலுக்காகவா நிக்கறீங்க?" என்று கேட்டது.

முடிவு வரும் அன்று மகளுக்குப் போன் செய்து, "நம்ம கீரை எப்படிம்மா?" என்றேன். "வீட்டுக்கு வந்து சொல்றேன்பா" என்றாள். மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள் என்று அடக்கி வாசிக்கிறாள் போலிருக்கிறது என்று தையல்காரரிடம் சொன்னேன். சாயங்காலம் வந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் நேரே மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பெட்டிகளைக் குனிந்து குனிந்து பார்த்தாள், மண்ணை விரலால் விலக்கிப் பெட்டியின் உள்சுவரைத் தடவினாள், விரலைப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் என்ன பெட்டி?"

"ஏன், பேட்டரிப் பெட்டிதான். உனக்குத் தெரியாதா?"

"பூந்தொட்டின்னு நெனச்சேம்பா. கறுப்பா இருக்கேன்னு மட்டும்தான் பாத்தேன்." விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். "நாங்க பாத்ததுலயே ஈயம் ரொம்ப அதிகமா இருந்தது பதினேழாம் நம்பர்தான்பா. சந்தைக் கீரை எதுவும் இதுக்குக் கிட்டகூட வரல."

"நான் நல்லாத் தேச்சுக் கழுவினேனேம்மா!"

"ரப்பருக்குள்ள ஊறிப்போனது கழுவினாப் போகாதுப்பா. அதுவும் ஆசிட்ல ஊறின பெட்டி."

அப்போது என் மனைவி துணி எடுக்க மாடிக்கு வந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "மனுஷன் ரிடையர் ஆனா நாலு பேப்பரப் படிச்சுட்டுத் தூங்குவான். இவரு பேட்டரிக்குள்ள வெவசாயம் பண்ணாரு" என்றாள். மகள் அதற்குச் சிரிக்கவில்லை. ஈயம் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அதுவும் ஒரு பேட்டரிப் பெட்டியின் மேல். இறங்கி வரும்போது மகள் திரும்பிப் பார்க்காமல், "அந்த போர்டையும் கழட்டுங்கப்பா. அந்தப் பெயிண்டையும் சோதிக்கணும்" என்றாள்.

அன்றிரவே உங்களுக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மா எடுத்தார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள், "அண்ணா, நூறு ஆயுசு! இப்பதான் உங்க கீரையப் பத்திப் பேசிட்டிருந்தோம். நாக்குலயே நிக்குதுண்ணா!" என்றார்கள். நீங்கள் "பிரமாதம்!" என்றீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும்? "ஐயோ, துப்புங்கள்" என்றுதானே? நான், "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். "இந்த வாரம் கொஞ்சம் கூடவே அனுப்புங்கண்ணா" என்றார்கள். நானும் "அதுக்கென்ன" என்றேன். வெட்கம்கெட்ட நாக்கு. பேட்டரியில் எந்தக் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுப் புகழ்ச்சியை எங்கே தொட்டு நிறுத்துவது என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் மகளுக்கு ஒரு சோதனை. அறிக்கையைப் பார்த்த அவளுடைய மேலதிகாரி, நல்ல மனிதர்தான், "வீட்டுக் கீரை எதுக்கும்மா இதுல? சந்தையப் பத்தித்தானே கேட்டிருக்காங்க. பதினேழ எடுத்துடு. உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்" என்றாராம். அவள், "ஒப்பிடறதுக்குன்னு நாமதானே சார் வெச்சோம். நல்லா வந்திருந்தா எடுத்திருப்போமா?" என்று கேட்டாளாம். எனக்கு இதைச் சாதாரணமாகத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நான் கையை உதறிவிட்டு எழுந்து அவளுக்கு சல்யூட் வைக்கலாமா என்று பார்த்தேன், ஆனால் அதில் மாட்டிக்கொள்ளப்போவது நான்தான் என்பதும் உடனே ஞாபகம் வந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று சந்தையின் மேல்மாடிக் கூடத்தில் கூட்டம். வியாபாரிகள், விவசாயிகள், அதிகாரிகள், எங்களைப்போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நான் முன்கூட்டியே போய் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தேன். மகள் எழுந்து நின்றாள். வீட்டில் பத்து வார்த்தைக்குமேல் பேசாதவள், புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்குத் திரும்புகிறவள், அவ்வளவு பேர் முன்னால் வாய்க்காலோரக் கீரையிலும் முள்ளங்கியிலும் காட்மியம் இருக்க வேண்டிய அளவுக்குமேல் இருக்கிறது, கத்தரிக்காயும் தக்காளியும் பரவாயில்லை என்று தெளிவாகச் சொன்னாள். சொன்னாளோ இல்லையோ, கூடம் கொதித்துவிட்டது. முள்ளங்கி வியாபாரி, "படிச்சவங்க வந்து ஒரு காகிதத்த நீட்டினா நாங்க கடைய மூடிட்டுப் போகணுமா?" என்றார். யாரோ, "பெரிய கடைக்காரன் எவனோ காசு கொடுத்து எழுதச் சொல்லியிருப்பான்" என்று குரல் கொடுத்தார். அப்போது நம் கீரைக்காரம்மா எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, எங்க கீரையில அது இருக்கு இது இருக்குங்கறியே, உங்க வீட்ல என்ன கீரை திங்கறீங்க? அத மொதல்ல சொல்லு" என்றது.

மேலதிகாரி மகளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினார். நான் அதைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள்.

"எங்க வீட்டு மாடிக் கீரைதான்கா" என்றாள். "பதினேழாம் நம்பர். இங்க சோதிச்சதுலயே அதுலதான் ஈயம் ரொம்ப அதிகம். உங்க கீரை அதவிட எவ்வளவோ மேல். பழைய பேட்டரிப் பெட்டியில வளர்த்திருக்கோம், தெரியாம. வளர்த்தவர் எங்கப்பா. ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கார்."

கூடமே திரும்பியது. நான் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது? டிப்போ விழாக்களில் நம்மைச் சொன்னால் எழுந்து கும்பிட்டுத்தான் பழக்கம். கீரைக்காரம்மா என்னைப் பார்த்ததும், "அட, இவரா! தினம் என் கடை வாசல்ல நின்னு சாக்கடைத் தண்ணி, சாக்கடைத் தண்ணின்னு மைக் இல்லாம கத்துவாரே, இவரா!" என்றது. கூடம் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டில் ஆடியது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது முள்ளங்கி வியாபாரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது: "சொந்த அப்பனையே விடல. இந்தப் பொண்ணு சொல்றது நெசமாத்தான்யா இருக்கும்." அதற்கப்புறம் யாரும் கத்தவில்லை. வாய்க்காலோரம் பயிர் வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "தண்ணி நெறம் மாறினது எங்களுக்கும் தெரியும். நாங்க சொன்னா யாரு கேட்டா?" என்றார். பட்டறைகள் விடும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும், அதுவரை அந்தக் கீரையும் முள்ளங்கியும் சந்தைக்கு வரக்கூடாது, அந்த விவசாயிகளுக்கு வேறு தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும் என்று வியாபாரிகளே அதிகாரிகளிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். படியிறங்கும்போது கீரைக்காரம்மா என்னை நிறுத்தி, "என்ன சார், வேற எடத்துலேர்ந்து வந்த கீரை இருக்கு, ஒரு கட்டு தரட்டுமா? உங்களதவிட வெஷம் கம்மி" என்றது. வாங்கிக்கொண்டேன். சம்பந்தி, ஊரே என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நேரத்தில் எனக்குச் சட்டை தோள்பட்டையில் இறுக்கிப் பிடித்தது. அவ்வளவு பூரிப்பு. எத்தனை அப்பன்களுக்கு மகள் இப்படி ஒரு மரியாதை செய்திருப்பாள்?

வண்டியில் மகள் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "கோவமாப்பா?" என்று கேட்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேன்ல?" என்றேன். முதுகுக்குப் பின்னால் சிரித்தாள். பெட்டிகளை இன்று காலையில் பேட்டரிக் கழிவு எடுக்கிறவர்களிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். கீரை வேரோடு போயிற்று. மாடி இப்போது தேர்வு முடிந்த வகுப்பறை மாதிரி இருக்கிறது.

அந்த வெறும் மாடியில் நின்றபோதுதான் உறைத்தது. அவள் ஒரு சந்தையையே எதிரில் வைத்துக்கொண்டு சொன்னதை, நான் போனில் ஒரு குடும்பத்திடம் சொல்ல முடியாமல் "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றேன். அவளுக்கு அப்பனாக இருக்க வேண்டுமானால் நானும் கொஞ்சமாவது அவளைப்போல இருக்க வேண்டாமா? ஆகவே இதோ எழுதிவிட்டேன். நான் அனுப்பிய கீரையில் ஈயம் இருக்கிறது. தயவுசெய்து மருமகளை உடனே அழைத்துப்போய் ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். செலவு என்னுடையது, பயம் என்னுடையது, தவறும் என்னுடையது. நீங்கள் அதை ஆசையாகச் சாப்பிட்டதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மாவின் நாக்கில் நின்றது ருசி இல்லை என்பதற்காக அவர்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்ன திட்டினாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன், சிவப்புப் பேனாவில் எழுதினாலும் சரி.

மருமகளுக்கும், அவள் வயிற்றில் இருக்கும் அந்த அளக்க முடியாத செல்வத்துக்கும் எங்கள் இருவருடைய ஆசியும். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. உங்களுக்கு என் வணக்கம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குனிந்து.

இப்படிக்கு,
மாடியில் இப்போது ஒன்றும் வளர்க்காத,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் காட்மியத்துக்கு 'ட்' வருமா 'த்' வருமா என்று மகளைக் கேட்டேன். வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா, ரிசல்ட் வந்த நிமிஷமே அண்ணிக்கு மட்டும் போன் பண்ணிட்டேன்பா. அங்கிள், ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். ரத்தமும் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "அவ்வளவு சாப்பிட்டும் சரியா இருக்கா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அண்ணிக்கு இப்ப கீரை வாசமே ஆகலியாம்பா. அங்கிளுக்கு சிறுநீரகக் கல்லு, டாக்டர் கீரையே கூடாதுன்னுட்டாராம். ஆன்ட்டி தனக்காகன்னு அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்களாம். வந்த கீரையெல்லாம் கொல்லைக் குழியில போட்டு மூடிட்டாங்களாம். நீங்க ஆசையா அனுப்பறீங்களேன்னு சொல்லலியாம்" என்றாள். ஒரு இலைகூடவா என்றேன். ஒரு இலைகூட என்றாள், அளந்து பார்த்தவள்போல.

ஆகவே மேலே கேட்டிருக்கும் மன்னிப்புகள் அனைத்தையும் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குனிந்த வணக்கத்தையும் நிமிர்த்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் உங்கள் கொல்லைக் குழியில் மண் எடுக்க வருகிறாள், அதுவரை அங்கே எதையும் நட வேண்டாம். இங்கே புது மண்தொட்டி, புது மண் வந்திறங்கிவிட்டது. கீரை வளர்ந்து, எண் வாங்கி, தேறிய பிறகுதான் பை உங்கள் வீட்டுக்கு வரும். மருமகளுக்கு எப்போது வாசம் பிடிக்கிறதோ அப்போது போதும். உங்கள் கல்லைக் கரைத்துக்கொண்டு நீங்களும் தயாராக இருங்கள். ஆனால் சம்பந்தி, அந்தத் தடவை ஒரு வாய் மென்று விழுங்கிய பிறகு பிரமாதம் சொல்லுங்கள்.